ஸ்கேன் உறையோடு வருகிறவர்களுக்கு

காலில் ஆறாத புண்ணோடும் முதுகில் விடாத வலியோடும் ஸ்கேன் மையங்களின் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கும், அவர்களைக் கைத்தாங்கலாக அழைத்து வந்திருக்கும் பிள்ளைகளுக்கும் மருமக்களுக்கும் இந்த மடல்.

1824-ஆம் ஆண்டு லண்டனில் பெஞ்சமின் பிராடி என்ற அறுவை மருத்துவரிடம் இருபத்து நான்கு வயது இளைஞர் ஒருவர் வந்தார். வலது முழங்காலுக்குக் கீழே, கணுக்காலை ஒட்டிய பகுதியில் எலும்பு வீங்கியிருந்தது. பல ஆண்டுகளாக வருவதும் போவதுமாக இருந்த வலி கடைசியில் தாங்க முடியாத அளவுக்கு முற்றிவிட்டது. என்ன நோய் என்று பிடிபடாத நிலையில் காலையே எடுத்துவிட்டார்கள். எடுத்த காலை அறுத்துப் பார்த்தால், எலும்பின் உள்ளே ஒரு சிறு குழி, அதற்குள் சீழ். அவ்வளவுதான். எலும்பில் ஒரு துளை போட்டு வடித்திருந்தால் அந்தக் கால் பிழைத்திருக்கும் என்பது பிராடிக்கு அப்போது விளங்கியது. அதே மாதிரி வலியோடு பின்னால் வந்தவர்களுக்கு அவர் துளைதான் போட்டார். 1832-இல் அதை எழுதி வெளியிட்டார். எலும்புக்குள் ஒளிந்திருக்கும் அந்த வகைச் சீழ்க்கட்டிக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது.

எலும்பை அறுக்காமல் உள்ளே பார்க்கும் வழி அன்று எவரிடமும் இல்லை. ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டறிந்தது 1895 நவம்பரில். அந்த இளைஞருக்கு எழுபது ஆண்டுகள் பிந்திவிட்டது. இன்றைக்கு மாவட்டத் தலைநகரங்களில் சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் வந்துவிட்டன, அரசு மருத்துவமனை வளாகங்களில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நடத்தும் ஸ்கேன் மையங்களும் இருக்கின்றன. ஆனாலும் எலும்புத் தொற்று பிடிபடாமல் வாரக் கணக்கில், சில வேளை மாதக் கணக்கில் நழுவுகிறது. பெரும்பாலும் கோளாறு இயந்திரத்தில் இருப்பதில்லை. எந்தப் படத்தை எந்த நாளில் எடுப்பது, எடுக்கும்போது எந்தக் கேள்வியைக் கேட்பது என்பதில்தான் தவறு நேர்கிறது. அந்தக் கேள்வியில் பாதி டாக்டர் எழுதுவது, மீதிப் பாதி நீங்கள் சொல்வது. மடல் உங்கள் பெயருக்கு வருவதன் காரணம் அதுதான்.

பெரியவர்களின் எலும்புக்குள் கிருமி நுழைய முக்கியமாக மூன்று வாசல்கள் உண்டு. சர்க்கரை நோயாளியின் பாதப் புண் ஆழமாகி எலும்பைத் தொடுவது ஒன்று. விபத்தில் எலும்பு வெளியே தெரியும்படி முறிந்தோ, பிளேட்டும் ஸ்குரூவும் வைத்த பிறகோ வருவது இன்னொன்று. மூன்றாவது சத்தமில்லாதது: தோலிலோ சிறுநீர்ப் பாதையிலோ பல் ஈறிலோ இருந்த கிருமி ரத்தத்தோடு போய் முதுகெலும்பில் தங்குவது. குழந்தைகளுக்கு ரத்தத்தில் வரும் கிருமி கை கால்களின் நீண்ட எலும்புகளைப் பிடிக்கும்; வயது ஏறினால் அதற்கு முதுகெலும்புதான் பிடித்த இடம். இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் ஏறத்தாழ 10.1 கோடிப் பேர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய கணக்கெடுப்பு 2023-இல் சொன்னது. ஆகவே முதல் வாசலில்தான் கூட்டம் அதிகம்.

அந்த வாசலில் முதலில் எடுக்கப்படுவது சாதாரண எக்ஸ்ரே. விலை குறைவு, எந்த ஊரிலும் கிடைக்கும், சில நிமிட வேலை. ஆனால் அதற்கு ஒரு பெரிய குறை. கிருமி நுழைந்த முதல் பத்துப் பதினான்கு நாட்களில் எலும்பு எக்ஸ்ரேயில் நலமாகவே தெரியும். எலும்பின் சுண்ணாம்புச் சத்தில் 30 முதல் 50 சதவீதம் வரை கரைந்த பிறகே படத்தில் அரிப்பு கண்ணுக்குப் படும். கரையான் ஏறிய நிலைக்கதவைப் போலத்தான்: உள்ளே பாதி போன பிறகும் வெளியே வர்ணம் பளபளக்கும். “எக்ஸ்ரே நார்மல்” என்ற ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய், புண்ணுக்குக் கட்டு மட்டும் மாற்றிக்கொண்டிருப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

அதற்காக எக்ஸ்ரே வீண் என்று ஒதுக்கவும் கூடாது. இரண்டு மூன்று வாரம் கழித்து அதே கோணத்தில் இன்னொன்று எடுத்து, பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது அது பேச ஆரம்பிக்கும். விரல் எலும்பின் ஓரக் கோடு மங்கியிருக்கும். எலும்பைப் போர்த்திய சவ்வு எழும்பிப் புதுக் கோடு போட்டிருக்கும். நாள்பட்ட தொற்றில் செத்த எலும்புத் துண்டு ஒன்று மற்ற எலும்பைவிட வெள்ளையாகத் தனித்துத் தெரியும். செத்தது வெளுப்பாகத் தெரிவது விசித்திரம் போலத் தோன்றலாம். காரணம் எளிது: சுற்றியுள்ள உயிருள்ள எலும்பில் ரத்தம் ஓடுவதால் அதன் சுண்ணாம்பு கரைந்து போகிறது, ரத்தம் அற்றுப்போன துண்டில் எதுவும் கரைவதில்லை, இருந்தபடியே இருக்கிறது. பழைய படத்தைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பதன் அருமை அந்த இரண்டாம் படத்தின்போதுதான் தெரியும்.

படம் எதுவும் எடுப்பதற்கு முன்பே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு; அதற்கு மின்சாரம்கூட வேண்டாம். கிருமி நீக்கிய மெல்லிய உலோகக் கம்பியை டாக்டர் புண்ணுக்குள் மெதுவாக விடுவார். கடைசியில் மெத்தென்று சதை தட்டுப்பட்டால் ஒரு மாதிரி. கரடுமுரடாக, கெட்டியாக எலும்பு தட்டுப்பட்டால் வேறு மாதிரி. 1995-இல் அமெரிக்க மருத்துவர்கள் இதை ஆராய்ந்து வெளியிட்ட பிறகு உலகமெங்கும் பரவியது. ஆழமான, தொற்றுள்ள புண்ணில் எலும்பு தட்டுப்பட்டால் எலும்புத் தொற்று இருக்க வாய்ப்பு மிக அதிகம். 2023-இல் வெளிவந்த சர்வதேச நீரிழிவுப் பாத வழிகாட்டுதலும் இந்தக் கம்பிச் சோதனை, எக்ஸ்ரே, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர். அல்லது சி.ஆர்.பி. ஆகிய மூன்றையும் சேர்த்துத்தான் முதல் படியாக வைக்கிறது. இ.எஸ்.ஆர். 70-ஐத் தாண்டினால் சந்தேகம் கனக்கும். இவற்றுக்குப் பிறகும் குழப்பம் தீராவிட்டால் அடுத்தது எம்.ஆர்.ஐ. கட்டுப் பிரித்துப் பார்க்காமலே நேராக எம்.ஆர்.ஐ. எழுதித் தருகிற அவசரமும் நம் ஊரில் உண்டு. புண்ணைப் பார்க்காமல் எடுத்த படத்துக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கலாம். பதில் பாதிதான் கிடைக்கும்.

எம்.ஆர்.ஐ. ஏன் முந்திக்கொள்கிறது? அது சுண்ணாம்பைப் பார்ப்பதில்லை, எலும்பு மஜ்ஜைக்குள் இருக்கும் கொழுப்பையும் நீரையும் பார்க்கிறது. வளர்ந்த மனிதனின் பாத எலும்புகளில் மஜ்ஜை பெரும்பாலும் மஞ்சள் கொழுப்பு. டி1 என்ற ஒரு வகைப் படத்தில் கொழுப்பு வெள்ளையாகத் தெரியும். கிருமி புகுந்ததும் கொழுப்பின் இடத்தை நீரும் சீழும் பிடித்துக்கொள்ள, அந்த இடம் கறுக்கிறது. கொழுப்பை மறைத்து நீரை மட்டும் காட்டும் இன்னொரு வகைப் படத்தில் அதே இடம் பளிச்சென்று வெளுக்கிறது. ஒரு படத்தில் கறுப்பு, மறு படத்தில் வெளுப்பு, அதுவும் புண்ணுக்கு நேர் கீழே என்றால் ரேடியாலஜிஸ்ட் தைரியமாக எழுதுவார். தொற்று தொடங்கி மூன்று முதல் ஐந்து நாட்களிலேயே இந்த மாற்றம் வந்துவிடும். எக்ஸ்ரே இரண்டு வாரம் கேட்கும் இடத்தில் இது பெரிய லாபம். எம்.ஆர்.ஐ. முழுக்க நலம் என்று காட்டினால், அங்கே எலும்புத் தொற்று இல்லை என்று ஓரளவு உறுதியாகவே நம்பலாம்.

ஆனால் நீர் கோத்த இடமெல்லாம் தொற்று அல்ல. மேலே சதையில் வீக்கம் இருந்தாலே அடியில் உள்ள எலும்பும் கொஞ்சம் நீர் கோக்கும். அப்போது ஒரு படம் வெளுக்கும், டி1 கறுக்காது. அண்மையில் அறுவை செய்த இடம், மயிரிழை முறிவு, மூட்டு வாதம் எல்லாமே படத்தில் வெளுக்கும். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஏமாற்றுக்காரன் சார்கோ பாதம்.

உணர்ச்சி செத்த பாதம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரீஸ் மருத்துவர் ழான் மார்டின் சார்கோ வேறொரு நரம்பு நோயில் கண்டு எழுதியது. இன்று அதற்கு முதல் காரணம் சர்க்கரை. வலி தெரியாததால் எலும்புகள் முறிய முறிய மனிதர் நடந்துகொண்டே இருப்பார். பாதம் சிவந்து, சூடாகி, புசுபுசுவென்று வீங்கும். வீட்டில் இருப்பவர்கள் சீழ் என்று பயப்படுவார்கள். அவசரக்கார டாக்டரும் அப்படியே நினைக்கலாம். எம்.ஆர்.ஐ.யிலும் எலும்பெல்லாம் நீர் கோத்துக் கிடக்கும். இரண்டையும் பிரிக்க உதவுவது இடமும் தோலும்தான். பாதத்தில் எலும்புத் தொற்று ஏறக்குறைய எப்போதும் தோல் புண்ணிலிருந்து உள்ளே போகிறது. பெருவிரல் நுனி, விரலடி மேடு, குதிகால் போன்ற அழுத்தம் விழும் இடங்களில் இருக்கும். சார்கோ பாதமோ நடுப்பாதத்தில், ஒரே நேரத்தில் பல மூட்டுகளில், தோலில் ஒரு கீறல்கூட இல்லாமல் வரும். தொற்றுக்குத் தரும் ஆண்டிபயாடிக் அதற்கு எந்தப் பயனும் தராது. அதற்குத் தேவை மாவுக்கட்டும் ஓய்வும்.

உணர்ச்சியற்ற பாதத்தைப் பற்றி உலகுக்குச் சொல்லிக் கொடுத்ததில் வேலூருக்குப் பெரிய பங்கு உண்டு. 1946-இல் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாமல் பட்ட காயமும் அதில் ஏறிய தொற்றும்தான் அவற்றைத் தின்கின்றன என்று எடுத்துக்காட்டினார். இன்று சர்க்கரைக்காரர்கள் வாங்கும் எம்.சி.ஆர். செருப்பு தொழுநோயாளிகளின் பாதத்தைக் காக்கப் பயன்பட்ட அதே மெத்து ரப்பர்தான்.

தொற்றையும் சார்கோவையும் பிரிக்கும் இடத்தில்தான் நீங்கள் சொல்லும் ஒரு வாக்கியம் படத்தின் பொருளையே மாற்றும். புண் எங்கே இருக்கிறது? எப்போதிலிருந்து? முன்பு விரல் எடுத்திருக்கிறார்களா? ஆண்டிபயாடிக் ஏற்கனவே போகிறதா? ஸ்கேன் சீட்டில் வெறுமனே “எம்.ஆர்.ஐ. பாதம்” என்று எழுதியிருந்தால், படம் பார்ப்பவர் இருபத்தாறு எலும்புகளையும் பார்த்து, நீர் கோத்த இடங்களையெல்லாம் பட்டியலிட்டு, கடைசியில் “மருத்துவ நிலையோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்” என்று எழுதிவிடுவார். அதைச் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. கட்டுக்குள் மறைந்திருக்கும் புண்ணை அவர் பார்க்கவில்லை, அவ்வளவுதான். சில மையங்களில் டெக்னீஷியன் புண்ணின் ஓரத்தில் ஒரு வைட்டமின் ஈ அல்லது மீன் எண்ணெய் மாத்திரையை ஒட்டிவிடுவார். உள்ளே இருக்கும் எண்ணெய் படத்தில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். எந்த எலும்பு புண்ணுக்குக் கீழே இருக்கிறது என்பதில் சந்தேகமே வராது. மாத்திரை ஒன்றின் விலைக்கு இதைவிடப் பெரிய உதவி கிடைக்காது.

மெட்டி விவகாரம் ஒன்று. பாதத்தைப் படம் எடுக்கும்போது விரலில் உலோகம் இருந்தால் அந்த இடம் குழம்பும். இறுகிப்போன மெட்டியைக் கழற்ற மனசும் வராது, விரலும் விடாது. தாலிச் சங்கிலிக்கு நம் பெண்கள் ஏற்கனவே வழி கண்டுபிடித்துவிட்டார்கள். மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டைக் கட்டிக்கொண்டு போய்ப் படுத்துவிடுகிறார்கள். மெட்டிக்கு அப்படி மாற்று இல்லை. வீட்டிலேயே சோப்புத் தண்ணீர் போட்டுக் கழற்றிக்கொண்டு வருவது நல்லது; உணர்ச்சியற்ற விரலை மையத்தில் அவசரமாக இழுத்து உரித்து, அங்கே ஒரு புதுப் புண் வர வேண்டாம். இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் சீட்டு எழுதும்போதே சொல்லிவிட வேண்டும். எலும்பில் வைத்த பிளேட், ஸ்குரூ, செயற்கை மூட்டு ஆகியவை பெரும்பாலும் எம்.ஆர்.ஐ.க்குத் தடை இல்லை, ஆனால் அவற்றைச் சுற்றிப் படம் கறுத்துச் சிதறும். டைட்டானியத்தில் சிதறல் குறைவு, ஸ்டீலில் அதிகம். எந்த ஆண்டு, எந்த உலோகம் என்பது டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கும். அதையும் உறைக்குள் போடுங்கள்.

ஊசி மருந்து போட்டு எடுக்கும் காண்ட்ராஸ்ட் படம் கட்டாயமா என்று பலர் கேட்கிறார்கள். எலும்பில் தொற்று உண்டா என்று மட்டும் பார்க்க ஊசி இல்லாமலே பெரும்பாலும் போதும். சதைக்குள் சீழ் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது, எந்தத் திசு செத்துவிட்டது என்று அறுவை மருத்துவருக்குத் தெரிய வேண்டியிருந்தால் ஊசி உதவும். அதில் இருக்கும் கடோலினியம் சிறுநீரகம் வழியே வெளியேற வேண்டிய பொருள். பழைய வகை மருந்துகள் சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்குத் தோலும் உள்ளுறுப்புகளும் இறுகும் அரிய நோயைத் தந்தது 2006-இல் தெரியவந்தது. இப்போதைய மருந்துகளில் அந்த அபாயம் மிகக் குறைவு. ஆனாலும் பாதப் புண் உள்ள சர்க்கரை நோயாளிகளில் பலருக்குச் சிறுநீரகமும் தளர்ந்திருக்கும். கடைசியாகப் பார்த்த கிரியாட்டினின் சீட்டு கையில் இல்லாமல் மையத்துக்குப் போனால், ஊசியா வேண்டாமா என்று தீர்மானிக்கவே ஒரு நாள் போய்விடும்.

இனி முதுகு.

முதுகெலும்புத் தொற்று பாதப் புண்ணைவிடத் தந்திரமானது. மேலே புண் இல்லை. பாதிப் பேருக்குக் காய்ச்சல்கூட வராது. “வயசாச்சு, தேய்மானம்” என்று தைலம் தேய்ப்பார்கள், பிசியோ போவார்கள், ஊசி போடுவார்கள். நோய் தொடங்கி, பெயர் தெரிய இரண்டு முதல் நான்கு மாதம் வரை ஆவது உலகமெங்கும் சகஜம். தேய்மான வலி படுத்தால் தணியும்; தொற்று வலி பெரும்பாலும் இரவிலும் விடாது. எடை குறைவது, சாயங்காலக் காய்ச்சல், அண்மையில் சிறுநீர்த் தொற்று அல்லது டயாலிசிஸ், வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்தது எல்லாம் டாக்டரின் காதுக்குப் போக வேண்டிய செய்திகள்.

முதுகெலும்புக் காசநோயைப் பற்றி 1779-இல் எழுதிய லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட்டின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. நோய் அவரைவிட வெகு பழசு. எகிப்தின் 21-ஆம் அரச மரபைச் சேர்ந்த பூசாரி ஒருவரின் மம்மியை 1910-இல் ஆராய்ந்தவர்கள் கூனிய முதுகெலும்பையும், அதிலிருந்து இடுப்புத் தசை வழியே இறங்கியிருந்த சீழ்க்கட்டியின் தடத்தையும் கண்டார்கள். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய அந்தச் சீழ் இறங்கிய அதே பாதையை இன்றும் நம் ஊர் எம்.ஆர்.ஐ.யில் பார்க்கலாம். உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர் என்பதால், முதுகெலும்பில் தொற்று என்றதும் இங்கே முதலில் எழும் கேள்வி: சாதாரண பாக்டீரியாவா, காசநோயா?

முதுகெலும்புக்கு எம்.ஆர்.ஐ.யே முதல் தேர்வு. இரண்டு அடுத்தடுத்த முள்ளெலும்புகளும் அவற்றின் நடுவே உள்ள டிஸ்க்கும் சேர்ந்து கெட்டிருந்தால் தொற்றுதான் முதலில் நினைவுக்கு வரும். புற்றுநோய் பரவும்போது எலும்பு கெடும், டிஸ்க் பெரும்பாலும் தப்பும். சாதாரண பாக்டீரியா டிஸ்க்கைச் சீக்கிரமே சிதைக்கும். இடுப்புப் பகுதியை அதிகம் விரும்பும். காசநோய் மெதுவாக வேலை செய்யும். டிஸ்க்கை ஆரம்பத்தில் ஓரளவு விட்டுவைக்கும். எலும்பின் முன்பக்கத்து இழைக்கு அடியில் ஊர்ந்து பல எலும்புகளைத் தொடும். மெல்லிய, வழுவழுப்பான சுவர் கொண்ட பெரிய சீழ்க்கட்டிகளை இரு பக்கமும் கட்டும். இவ்வளவு தெரிந்தும், படத்தை மட்டும் பார்த்து இதுதான் என்று அடித்துச் சொல்லக் கூடாது. பச்சைப் பாலிலிருந்து வரும் புரூசெல்லா, மண்ணிலும் மழை நீரிலும் இருந்து சர்க்கரை நோயாளிகளைப் பிடிக்கும் மெலியாய்டோசிஸ் இரண்டும் தென்னிந்தியாவில் உண்டு; இரண்டும் எலும்பில் வந்து காசநோய் வேடம் போடும். தொற்றே இல்லாத டிஸ்க் தேய்மானத்தில்கூடப் பக்கத்து எலும்பு நீர் கோத்து, தொற்று மாதிரி மிரட்டும்.

கிருமியின் பெயரைச் சொல்ல எந்தப் படத்துக்கும் வாய் கிடையாது. அதைச் சொல்வது பயாப்ஸி. சி.டி.யின் உண்மையான பெருமை இங்கேதான்: நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, ஊசி போகும் வழியைப் படத்தில் பார்த்துக்கொண்டே, நரம்புக்கும் ரத்தக் குழாய்க்கும் படாமல் எலும்பிலிருந்து அரிசியளவு துணுக்கை எடுத்துவிடுகிறார்கள். அதில் ஒரு பங்கு கல்ச்சருக்கு, ஒரு பங்கு திசுப் பரிசோதனைக்கு, ஒரு பங்கு காசநோய்க் கிருமியையும் ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது மசியுமா என்பதையும் சில மணி நேரத்தில் சொல்லும் ஜீன் எக்ஸ்பர்ட் சோதனைக்கு. “முதுகில் ஊசியா, கை கால் விளங்காமல் போய்விடும்” என்று மறுத்து, குத்துமதிப்பாக மாத்திரை கேட்கும் குடும்பங்களை எல்லா மருத்துவமனைகளும் பார்த்திருக்கின்றன. வித்தியாசத்தை யோசியுங்கள். சாதாரண பாக்டீரியா என்றால் பெரும்பாலும் ஆறு வாரம் மருந்து. பன்னிரண்டு வாரம் கொடுத்ததற்கு அது சளைத்ததில்லை என்று பிரான்சில் நடந்த ஆய்வு 2015-இல் காட்டியது. காசநோய் என்றால் இந்திய வழிகாட்டுதல்படி குறைந்தது ஒரு வருடம். ஒன்றுக்கான மருந்தை மற்றதற்குக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் காலத்தில் எலும்பு இடிந்து விழும்.

இன்னொன்று: நோயாளியின் நிலை மோசமாக இல்லாதபோது, துணுக்கு எடுக்கும் வரை ஆண்டிபயாடிக்கைத் தொடங்காமல் டாக்டர் நிறுத்திவைத்தால் கோபப்படாதீர்கள். மருந்து உள்ளே போய்விட்டால் கல்ச்சரில் கிருமி வளராது. ஆனால் கால் பலம் குறைகிறது, மரத்துப்போகிறது, சிறுநீர் அடைக்கிறது என்றால் இந்தப் பொறுமை எதுவும் பொருந்தாது. அது அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டிய நிலை.

காசநோய் என்று பெயர் தெரிந்துவிட்டால் அதற்காக இடிந்துபோகவும் வேண்டாம். முதுகெலும்புக் காசநோயாளிகள் பலருக்குப் பெரிய அறுவை இல்லாமலே, நடமாடிக்கொண்டே மாத்திரையில் குணமாகும் என்பதை நிலைநாட்டிய ஆய்வுகளில் முக்கியமான ஒன்று சென்னையில்தான் நடந்தது. அதை நடத்திய மையம் இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது.

எம்.ஆர்.ஐ.க்குள் போக முடியாதவர்களுக்கு அணு மருத்துவப் படங்கள் உண்டு. போன் ஸ்கேனில் டெக்னீஷியம் என்ற, ஆறு மணி நேரத்தில் பாதியாகத் தேயும் கதிர்ப் பொருளை ஊசியாகப் போட்டு, ரத்தம் பாயும்போதும், உடனே பிறகும், சில மணி நேரம் கழித்தும் படம் எடுப்பார்கள். அது எதையும் விடாது. அதுவே அதன் பலவீனமும். எலும்பு எங்கே பழுதுபார்க்கிறதோ அங்கெல்லாம் ஒளிரும்: முறிவு, வாதம், ஓராண்டுக்கு முன் மாற்றிய முழங்கால் உட்பட. நோயாளியின் வெள்ளை அணுக்களையே எடுத்து, கதிர்ப் பொருளால் குறியிட்டுத் திரும்பச் செலுத்தும் முறை பாதத்துக்கும் செயற்கை மூட்டுக்கும் நன்றாக உதவும். முதுகெலும்பில் அவ்வளவாகக் கைகொடுக்காது. அங்கே பெட் ஸ்கேன் நல்லது. அதற்கு ஊசியாகப் போடும் சர்க்கரைக் குறியில் உள்ள கதிர்ப் பொருள் 110 நிமிடத்தில் பாதியாகிவிடும் என்பதால், அதைத் தயாரிக்கும் இடத்திலிருந்து வெகு தூரத்தில் இந்த மையம் இயங்க முடியாது. ரத்தச் சர்க்கரை எகிறியிருந்தால் படமும் மங்கும். அன்று காலை 200-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பெட் ஸ்கேன்தான் பெரிய ஸ்கேன், அதையே எடுத்துவிடலாம் என்று உறவுக்காரர் யாராவது சொன்னால் காதில் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

நீலகிரி மலைப் பழங்குடியினருக்குத் தனியாக ஒரு வரி. இந்தியாவில் அரிவாள் செல் நோய் முதன்முதலில் 1952-இல் அறியப்பட்டது அந்த மலையில்தான். அந்நோயில் ரத்தம் அடைத்து எலும்பு சாவதும் உண்டு, சால்மொனெல்லா போன்ற கிருமியால் எலும்புத் தொற்று வருவதும் உண்டு. வலியும் காய்ச்சலும் இரண்டிலும் ஒன்றே, எம்.ஆர்.ஐ.யிலும் இரண்டும் நீர் கோத்தே தெரியும். குடும்பத்தில் அந்த நோய் இருப்பதை ஸ்கேன் சீட்டில் எழுதாவிட்டால் படம் பார்ப்பவர் அந்தத் திசையில் யோசிக்கவே மாட்டார்.

ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து செல்போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, “டாக்டர், என்ன தெரியுது?” என்று கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. ஒரு எம்.ஆர்.ஐ.யில் நூற்றுக்கணக்கான படங்கள் இருக்கும். ஃபிலிமில் அச்சாவது அவற்றில் தேர்ந்தெடுத்த சில. மையத்தில் கேட்டால் முழுப் படங்களையும் குறுந்தட்டில் பதிந்து தருவார்கள். இரண்டாம் கருத்துக்குப் போகும்போது அந்தத் தட்டு இருந்தால் ஸ்கேனையே மறுபடி எடுக்க வேண்டியிராது. ரிப்போர்ட் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு மதுரையிலிருந்து சென்னை போகிறவர்கள் திரும்பவும் ஒரு முறை பணம் கட்டுவதுதான் மிச்சம்.

சிகிச்சை முடியும் தறுவாயில் பலர் கேட்பது: “இன்னொரு எம்.ஆர்.ஐ. எடுத்து எல்லாம் போயிடுச்சான்னு பார்க்கலாமா?” வலி குறைந்து, இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இறங்கி, நடை திரும்பியிருந்தால் முதுகெலும்புத் தொற்றில் வழக்கமாக இன்னொரு படம் தேவையில்லை என்பதே அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் 2015 வழிகாட்டுதல். காரணம், எலும்பு ஆறிக்கொண்டிருக்கும்போதும் படம் வாரக் கணக்கில், மாதக் கணக்கில் மோசமாகவே தெரியும். அதைப் பார்த்துப் பயந்து தேவையில்லாமல் மருந்தை நீட்டியவர்களும் உண்டு, கத்தி எடுத்தவர்களும் உண்டு. மறுபடி வலி ஏறினாலோ, காய்ச்சல் திரும்பினாலோ, கால் தளர்ந்தாலோ, மருந்து போயும் ரத்த அளவுகள் இறங்காவிட்டாலோ அப்போது எடுக்கட்டும். அன்று போகும்போது பழைய தட்டையும் பயாப்ஸி ரிப்போர்ட்டையும் மருந்துச் சீட்டையும் அதே உறையில் போட்டு, தேதி வரிசையில் அடுக்கி, முதல் ஆளாக ரேடியாலஜிஸ்ட்டின் கையில் கொடுங்கள்.